கல் இறங்கினால் விளக்கு எரியும்

வாய்மூடி இருந்தது போதும். வணக்கத்துக்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். வணக்கம் சொன்னால் மரியாதை வந்துவிடும். மரியாதை வந்தால் உண்மை தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

மலை உச்சியில் லாரிக்குக் கல் கொட்டும் தொட்டியின் கதவைத் திறந்து மூடும் அதே கையால் இன்று இந்தக் கூட்டத்தையும் ஆளுகிற தலைவர் அம்மா அவர்களே! இந்தக் குவாரியில் ஏறி இறங்கி முட்டி தேய்ந்த மூத்தவர்களே! வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! ஓட்டுநர் தோழர்களே! "கூட்டத்துக்குப் போனீங்களா?" என்று நாளை கேட்டால் "டீ குடிக்கத்தான் போனோம்" என்று சொல்வதற்காகக் கையில் டம்ளரோடு கதவோரம் நிற்கும் அலுவலக நண்பர்களே! நான்காவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, இந்த ஆள் எப்போது முடிப்பான் என்று என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் என் தங்கை கணவரே! உங்கள் அனைவருக்கும் கேன்டீன் மேஜைகளைச் சேர்த்துப் போட்ட இந்த மேடையிலிருந்து என் வணக்கம்.

பெரிய மண்டபம் நமக்கில்லை. நாளைய விழாவுக்கு அங்கே பூ கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பரவாயில்லை. மேஜை ஆடினாலும் பேச்சு ஆடாது.

தோழர்களே, ஓடுகிற ஆற்றில் முதன்முதலில் ஒரு சக்கரத்தை இறக்கியவர் யார்? தெரியுமா? தெரியாது. வீசுகிற காற்றுக்கு முதன்முதலில் ஒரு துணியை விரித்துக் கொடுத்து, "இந்தா, என் படகைத் தள்ளு" என்று வேலை வாங்கியவர் யார்? அவர் பெயரும் தெரியாது. ஆனால் ஒன்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவர்கள் தெருவில் போனபோது பின்னால் நின்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். சிரித்தவர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்திருப்பார்கள். குழு கூடி ஒரு அறிக்கை எழுதியிருக்கும்!

நான்காவது வரிசையில் முறைத்துக்கொண்டிருக்கும் நம் ஆளுக்கு, என் மாப்பிள்ளைக்கு, இங்கே என்ன பெயர்? சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். ஆமாம், "ஓசிக் கரண்ட்டு." அந்தப் பெயரை வைத்தவர் இந்தக் கூடத்திலேயே இருக்கிறார். பயப்படாதீர்கள் அண்ணே, காட்டிக்கொடுக்க மாட்டேன்.

அந்தப் பெயரை அவர் உழைத்துத்தான் வாங்கினார், மறுக்கவில்லை. தானே சுற்றும் காந்தச் சக்கரம் செய்தார்; அது தானே நின்றது. பிறகு இதே கேன்டீன் கதவில் ஒரு டைனமோவைப் பூட்டினார். திறக்கும்போதெல்லாம் விளக்கு எரிந்தது, உண்மை. ஆனால் கதவைத் திறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது! டீ விற்பனை படுத்துவிட்டது. அன்றைக்கு நான்தான் சொன்னேன்: "மாப்பிள்ளை, இது ஓசி இல்ல. கதவைத் தள்றவன் தின்ன சாப்பாடுதான் அங்க எரியுது." கோபித்துக்கொண்டு என்னோடு பேசாமலே இருந்தார்.

பேசாமல் இருந்தவர் சும்மா இருக்கவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் என் சோதனைக்கூடத்துக்கு வந்தார். கல்லை நசுக்கி அதன் வலுவைப் பார்ப்பது என் வேலை; முகமும் அப்படியே நசுங்கிவிட்டது என்பாள் என் தங்கை. வந்தவர், "மச்சான், தின்ன சாப்பாடு யாருதுன்னு கேட்டீங்கல்ல? மலை தின்ன சாப்பாடு இது" என்று மேஜையில் ஒரு கல்லை வைத்தார்.

விஷயம் இவ்வளவுதான். நம் கல் உச்சியில் இருக்கிறது. உடைக்கும் ஆலை அடிவாரத்தில் இருக்கிறது. லாரி பாரத்தோடு இறங்குகிறது, காலியாக ஏறுகிறது. இறங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? பிரேக்கை மிதித்து, அத்தனை வேகத்தையும் சூடாக்கி, புகையாக்கி, காற்றில் விடுகிறோம். அந்த வேகத்தை மோட்டாரால் பிடித்து பேட்டரியில் அடைத்தால், காலி லாரி மறுபடி மேலே ஏற அது போதும். போதும் என்ன, மிஞ்சும்! இல்லாததிலிருந்து எதுவும் வராது, அது இயற்கையின் சட்டம். இருப்பதைக் கண்மூடித் தொலைக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

பழைய லாரி ஒன்றை அப்படி மாற்றினார். தொழில்நுட்பக் குழு சோதித்தது. நானும் அந்தக் குழுவில் கடைசி நாற்காலி. அந்தச் சோதனையைக் கேளுங்கள் தாய்மார்களே! புது லாரி வந்தால் அடிவாரத்தில் எடைக்கட்டிகளை ஏற்றி உச்சிக்கு ஓட்டிப் பார்ப்பது இங்கே காலங்காலமாக இருக்கிற முறை. டீசல் லாரிக்கு அது சரி. இதற்கும் அதையே செய்தார்கள். பாரத்தோடு ஏற்றினார்கள்! உச்சியில் கட்டிகளை இறக்கிவிட்டுக் காலியாகக் கீழே கொண்டுவருவதாகத் திட்டம்!

நான் எழுந்து சொன்னேன். "ஐயா, நம்ம மலையில கல்லு மேல ஏறுறதில்ல. கீழதான் இறங்குது."

குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக்கூடத் தூக்கவில்லை. "சோதனை முறை உங்க மாப்பிள்ளைக்காக மாறாது. உட்காருங்க."

உட்கார்ந்தேன். இன்றுவரை அந்த நாற்காலி என்னைக் குத்துகிறது. மறந்துவிடு என்கிறார்கள். ஏன் மறக்க வேண்டும்? அவர் மறந்துவிட்டார் அல்லவா, இரண்டில் ஒருவராவது நினைவு வைத்திருக்க வேண்டாமா?

லாரி பாதி மலையில் மூச்சை விட்டது. டிராக்டர் கட்டி உச்சிக்கு இழுத்து, பழைய கொட்டகையில், கண்ணில் படாத மூலையில் தள்ளினார்கள். "ஏற்கத்தக்கதல்ல" என்று எழுதினார்கள்.

பிறகு வந்தது மழை. எப்பேர்ப்பட்ட மழை! சரிவு இடிந்து வெளிச்சாலை அறுந்தது. டீசல் வண்டி வர வழியில்லை. சாலையைச் சரிசெய்யக் கல் வேண்டும். கல்லை இறக்க லாரி வேண்டும். லாரிக்கு டீசல் வேண்டும். டீசல் வரச் சாலை வேண்டும். குழு கூடியது. கூடிக்கொண்டே இருந்தது.

நனைந்த கோழிபோல என் வீட்டு வாசலில் வந்து நின்றார் மாப்பிள்ளை. "மச்சான், கொட்டகைச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"அனுமதி யாரு குடுத்தா?"

"மழை குடுத்துச்சு. வாங்க."

போனோம். உயிர் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் நிலையில் கிடந்த அந்த லாரியைத் தொட்டிக்குக் கீழே தள்ளி நிறுத்தினோம். இதோ, இன்றைய தலைவர் அம்மாதான் அன்று கதவைத் திறந்தார். திறக்கும் முன் கேட்டார்: "வேலை போனா உன் பொண்டாட்டி எனக்குச் சோறு போடுவாளா?" "நல்லாவே சமைப்பா" என்றார் இவர். கல் கொட்டியது!

லாரி இறங்கியது தோழர்களே! பாரத்தோடு இறங்கியது, பதறாமல் இறங்கியது, பேட்டரியை நிரப்பிக்கொண்டே இறங்கியது! காலியாகத் திரும்பி ஏறியது! மீண்டும் இறங்கியது! ஒரு சொட்டு டீசல் இல்லை, ஒரு துளி புகை இல்லை! கடைசியில் வந்தது பாருங்கள் ஒரு தொல்லை, எந்த ஏழைக்கும் வராத தொல்லை: பேட்டரி நிறைந்துவிட்டது. இனி வேகத்தை அடைக்க இடமில்லை. அடைக்க இடமில்லாவிட்டால் மோட்டார் வண்டியைப் பிடிக்காது. கரண்ட்டை எங்கேயாவது செலவழித்தாக வேண்டும்! உடனே கேபிளை இழுத்து இந்தக் கேன்டீனுக்குக் கொடுத்தோம். மழை இருட்டில் முடங்கியிருந்த இந்தக் கூடம் பளிச்சென்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில் டீ குடித்தவர்கள் கை தூக்குங்கள். பார்த்தீர்களா? டம்ளர் வைத்திருக்கும் அலுவலக நண்பர்களும் தூக்குகிறார்கள்!

சாலை எழுந்தது. நிர்வாகம் எல்லா லாரிகளையும் அப்படியே மாற்றியது. நாளை விருது. யாருக்கு? குழுத் தலைவருக்கு. விழா மலரில் "குழுவின் தொலைநோக்கு" என்று அச்சடித்திருக்கிறார்கள். தொலைநோக்குதான், தொலைவில் உச்சியில் கொட்டகையில் போட்டல்லவா நோக்கினார்கள்!

இத்தனை நாள் நான் பேசாததற்குக் காரணம் என் தங்கை. குவார்ட்டர்ஸ் வீட்டைப் பிடுங்கிவிடுவார்கள், பேசாதே என்றாள். அந்த மலரைப் படித்த அன்று அவளே வந்தாள். "அண்ணே, விருது வேணாம். பதவி வேணாம். பைத்தியக்காரன் பொண்டாட்டின்னு கூப்பிட்டா திரும்பிப் பார்த்துப் பழகிட்டேன். இவரு பைத்தியம் இல்லன்னு ஒரு தடவை மைக்குல சொல்லிடு, போதும்."

தங்கையே, கேள்! கூடத்திலுள்ள அனைவரும் கேளுங்கள்! குழு கேட்கட்டும், மலை கேட்கட்டும்! ஓசிக் கரண்ட்டு பைத்தியம் இல்லை! இந்த மலையில் இறங்கும் ஒவ்வொரு லாரியும் அவர் கண்டது! எழுந்து நில்லுங்கள் மாப்பிள்ளை. கையை அவிழுங்கள். கைதட்டல் உங்களுக்குத்தான்.

தட்டுங்கள், இன்னும் தட்டுங்கள். நான் காத்திருக்கிறேன்.

நன்றி. பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், தாய்மாருக்கும், மேஜை கொடுத்த கேன்டீனுக்கும் நன்றி. இந்தப் பேச்சை எழுதித்தான் கொண்டுவந்திருக்கிறேன். நாளை விருந்தினர் வருமுன் மண்டப வாசல் அறிவிப்புப் பலகையில் இதிலுள்ள லாரிக் கதையை மட்டும் ஒட்டப் போகிறேன். என்ன கேட்கிறீர்கள், அம்மா? கையெழுத்தா? என் பெயரைப் போட்டால் அவர்கள் என் பழைய வயிற்றெரிச்சலைத்தான் படிப்பார்கள். அது நிறையவே இருக்கிறது, படிக்கச் சுவையாகவும் இருக்கும். அது வேண்டாம். லாரியைப் படிக்கட்டும். யார் எழுதியது என்று விசாரணை வைத்தால், அன்று இங்கே டீ குடித்த அத்தனை பேரையும் கூப்பிட வேண்டியிருக்கும். பெயர் போடாமல்தான் ஒட்டுகிறேன். வணக்கம்.