அறுந்த முடிச்சுகளும் மஹ்மூத் தம்பியும்

அவைக்குத் தலைமை தாங்கும் ஐயா அவர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, மடியில் பிள்ளையும் மனத்தில் கவலையுமாக வந்திருக்கும் தாய்மாரே, செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிக் காக்கும் எங்கள் உலர்செடிக் கூடத்தில் மூன்று மாதம் வேலை பழகி நாளை கொழும்புக்குத் திரும்பும் மாணவச் செல்வங்களே, மஹய்யாவ வடிவம்மாவின் வணக்கம் உங்கள் எல்லோருக்கும்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். வழியனுப்பு விழாவில் எனக்கு என்ன பேச்சு? இருக்கிறது. ஊரறியச் சொன்ன ஒரு சொல்லை ஊரறியவே திரும்ப எடுக்க வந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் அழகமுத்து அந்தக் கூடத்துக்குச் செடி பறித்துக் கொடுத்தவர். மலை மலையாக ஏறினார், மழை மழையாக நனைந்தார். எழுதத் தெரியாது. அதனால் ஒவ்வொரு காம்பிலும் ஒரு நூல் கட்டுவார். ஒரு முடிச்சு என்றால் நாவலப்பிட்டி, இரண்டு என்றால் தெல்தோட்டை, மூன்று என்றால் ஹந்தானை. பிறகு அவர் சொல்லச் சொல்லக் கிளாக்கர் ஐயா எழுதிக்கொள்வார்.

இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் ஆண்டுத் தை மாதம், மலேரியாக் காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. அவர் கடைசியாகக் கட்டிக் கொண்டுவந்த முப்பத்தொரு செடிகளுக்கு இன்னும் ஊர் எழுதவில்லை. முடிச்சு தெரிந்தவள் நான் ஒருத்தி. வரச் சொன்னார்கள். பிந்தித்தான் போனேன்.

அங்கே மாணவர் மஹ்மூத், முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, பாருங்க! அழுக்கு நூலையெல்லாம் வெட்டி எறிஞ்சிட்டு, வெள்ளைத் தாள்ல ஒட்டி வச்சிருக்கேன். உங்களுக்காக ஞாயித்துக்கிழமையும் வந்தேன்!”

எந்த மலையில் முளைத்தது என்று தெரியாத செடி ஆராய்ச்சிக்கு உதவாதாம். தள்ளிவிட வேண்டுமாம். நான் என்ன சொன்னேன்? “பாவி, எம்புருஷன ரெண்டாந்தரமும் கொன்னுட்டியேடா!” என்றேன். பிள்ளை உடனே, படிப்பே வேண்டாம், வாப்பாவின் கடைக்கே போகிறேன் என்று கடிதம் கொடுத்துவிட்டான்.

கதவடியில் நிற்கும் றவூப் நானா, என்ன அங்கே? பையன் வெளியே ஓடப் பார்க்கிறானா? கதவைச் சாத்துங்கள்! சிரிக்காதீர்கள், நிஜமாகவே சாத்துங்கள்.

தம்பி மஹ்மூத், கொன்றது காய்ச்சல். நீயா கொன்றாய்? அவர் போனதும் என்னைக் கூப்பிட்டார்கள். அவர் கை கட்டிய நூலைத் தொட மனமில்லாமல் இரண்டு மாதம் வீட்டிலேயே கிடந்தேனே, அது உன் பிழையா? சுருண்ட இலையை ஒவ்வொன்றாக நீவி, பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோலத் துடைத்தாயே, அது பிழையா?

தாய்மாரே, என் வீட்டுக்காரர் ஒடித்தது கிளையைத்தானே? மரத்தையா வெட்டினார்? மலையையா பெயர்த்தார்? அந்தச் செடி அங்கே நிற்கிறது! அந்த ஓடை அங்கே ஓடுகிறது! சோற்றுப் பொட்டலத்தோடு அவர் பின்னால் நடந்த என் கால் இங்கே இருக்கிறது! தாளில் ஒட்டிய கிளையையும் மலையில் நிற்கும் செடியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஊர் தெரியாதா?

தலைவர் ஐயா, ஒரு மாதம் அந்தச் செடிக்கட்டைத் தள்ளாமல் வையுங்கள். அந்தக் கடிதத்தையும் திருப்பிக் கொடுங்கள். தலையாட்டிவிட்டீர்கள், ஊரே பார்த்துவிட்டது!

தம்பி, மற்றவர்கள் நாளை ரயில் ஏறட்டும். நீ என்னோடு தெல்தோட்டைக்கு வா. காலில் அட்டை ஏறாமல் பூசச் சவுக்காரம் நான் கொண்டுவருகிறேன்.

என்ன கேட்கிறாய்? உரக்கக் கேள்!

“எத்தன மணிக்கு அக்கா?”

ஆறு மணி பஸ்ஸுக்கு, தம்பி. பிந்தாதே.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. வருகிறேன், வணக்கம்.