கட்டோடு கட்டை வெட்டச் சொல்லித் தந்த ஊசிக் கிடங்கு மேலாளருக்கு

உங்கள் ஓய்வு விழாவுக்குக் கிடங்கில் வந்திருப்பவர்கள்: ஜோடி சேர்ப்புப் பிரிவின் இரவு ஷிப்ட் முழுவதும், அரைத் தூக்கத்தில். சாய அறையிலிருந்து இருவர், கை கழுவாமல். பகல் ஷிப்ட் மேனேஜர், கடிகாரத்தைப் பார்த்தபடி. உங்கள் வீட்டம்மா, இன்றாவது நேரத்துக்குக் கிளம்புவீர்களா என்று பார்க்க. முன்வரிசையில் எங்கள் பிரிவின் மூத்தவர், எல்லாருக்கும் பெரியக்கா.

சுருக்கக் கற்றுத் தந்தவரே! சுருக்கமாக ஒருநாளும் பேசாதவரே! ஊசிக்குக் கணக்கு வைத்து, எங்கள் உறக்கத்துக்குக் கணக்கு வைக்காமல் போனவரே! வணக்கம்.

பாராட்டு மடலில் கொஞ்சம் பொய் சேர்ப்பது வழக்கம். இரவெல்லாம் நின்றுவிட்டு வந்தவர்களுக்கு அதற்குத் தெம்பில்லை. நடந்ததையே சொல்கிறோம்.

இந்தக் காலுறைத் தொழிற்சாலையில் பத்தாம் வகுப்பு தேறாதவருக்குப் பகல் ஷிப்ட் கிடையாது. பெரியக்காவுக்குப் பகல் ஷிப்ட் வேண்டும். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அம்மா வேலைக்குக் கிளம்புவார். அம்மா திரும்பும்போது மகள் பையோடு வாசலில் நிற்பாள். இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் செருப்பு மாட்டிக்கொள்ளும் நேரத்தில்தான். மற்ற பாடங்களில் தேறிய பெரியக்கா, கணக்கில் மட்டும் இரண்டு முறை விழுந்தார்.

விழவைத்தது அவர் கை. எங்கள் எல்லோருக்கும் அதே கைதான். மேல்தட்டில் ஒரு காலுறை, கீழ்த்தட்டில் அதே மாதிரி இன்னொன்று. கண்ணில் பட்டதும் எடுத்து, மடித்து, கூடையில் எறிந்துவிடுவோம். ஷிப்ட் முடிந்ததும் இந்தக் கிடங்கில் உட்காரவைத்து நீங்கள் தந்த பழைய வினாத்தாளிலும் அதையே செய்தோம். மேலே எக்ஸ் வர்க்கம் கழித்தல் ஒன்பது, கீழே எக்ஸ் வர்க்கம் கழித்தல் மூன்று எக்ஸ், சுருக்குக என்றால், இரண்டு எக்ஸ் வர்க்கத்தையும் ஜோடி சேர்த்து எறிந்துவிட்டு, மிச்சத்தை மூன்றின் கீழ் எக்ஸ் என்று எழுதினோம். அத்தனை பேருக்கும் ஒரே விடை. சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினோம்.

நீங்கள் அலமாரிக் கதவில் சாக்குக்கட்டியால் எழுதினீர்கள். "எக்ஸுக்கு ஒண்ணைப் போடுங்க. கேள்வி நாலுன்னு சொல்லுது. நீங்க மூணுன்னு சொல்றீங்க. யாரு பொய் சொல்றது?"

"கேள்விதான் சார்," என்றார் சாய அறைக்காரர். நீங்களும் சிரித்துவிட்டீர்கள்.

பிறகு ஒரு கட்டுக் காலுறையைத் தூக்கி மேசையில் போட்டீர்கள். "கூட்டலும் கழித்தலும் கட்டின கயிறு. கட்டுக்குள்ள இருந்து ஒத்தையா உருவாதீங்க. முதல்ல மேலயும் கீழயும் காரணியாக்கிக் கட்டுக் கட்டா வையுங்க. முழுக் கட்டும் ஒத்துப்போனாத்தான் வெட்டணும்." மேலே எக்ஸ் கழித்தல் மூன்று ஒரு கட்டு, எக்ஸ் கூட்டல் மூன்று ஒரு கட்டு. கீழே தனி எக்ஸ், பக்கத்தில் எக்ஸ் கழித்தல் மூன்று. ஒத்த கட்டு போயிற்று. மீதி, மேலே எக்ஸ் கூட்டல் மூன்று, கீழே எக்ஸ். ஒன்றைப் போட்டோம். நான்கு! கிடங்கே கத்தியது. பகல் ஷிப்ட் மேனேஜர் விபத்து என்று நினைத்து ஓடிவந்தார்.

அதோடு விட்டீர்களா? "எக்ஸுக்கு மூணும் சுழியும் வரக்கூடாதுன்னு ஓரத்துல எழுதுங்க. வந்தா கேள்வியிலேயே கீழே சுழியாயிடும்." மூன்றைக் கொண்டுவந்த கட்டைத்தான் வெட்டிவிட்டோமே என்றோம். "வெட்டிட்டா இல்லாமப் போயிடுமா?" என்றீர்கள். தூக்கம் கெட்டாலும் அது எங்களுக்குப் பிடித்திருந்தது.

சேர்ந்திருந்த விடுப்பை எடுத்துக்கொண்டு கோடையிலேயே நீங்கள் போயிருக்கலாம். பெரியக்காவின் மூன்றாம் தேர்வுக்காக இருந்தீர்கள். உங்கள் வீட்டம்மா சொன்னதையும் கண்ணாடிச் சட்டம் போடப்போகும் இந்த மடலில் சேர்க்கிறோம்: "எனக்கு ஒரு டீ போட்டுத் தர நேரமில்ல, ஊருக்கெல்லாம் எக்ஸ் கண்டுபிடிச்சுத் தர்றாரு."

தேர்வு முடிந்து வந்த பெரியக்காவிடம், "என்ன ஆச்சும்மா?" என்றீர்கள். உங்கள் குரல் அன்று சின்னதாக இருந்தது.

"மேலயும் கீழயும் எக்ஸ் வர்க்கம் இருந்துச்சு சார். கை தானா போச்சு. இடது கையால ஓங்கி ஒரு அடி வச்சேன். ஹாலே திரும்பிப் பார்த்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கட்டுக் கட்டுனேன். ஒண்ணைப் போட்டுப் பார்த்தேன். ஓரத்துலயும் எழுதிட்டேன்."

முந்தாநாள் முடிவு வந்தது. தேறிவிட்டார்! இன்று முதல் அவர் பகல் ஷிப்டில் சோதனையாளர். சாயங்காலம் மகளுக்குக் கதவைத் திறக்க வீட்டில் இருப்பார்.

ஐயா, நல்ல உடம்போடு நெடுநாள் வாழுங்கள். வீட்டம்மாவுக்கு டீ போட்டுக் கொடுங்கள். மத்தியானம் தூங்குங்கள், அது எவ்வளவு பெரிய சொத்து என்று எங்களைக் கேளுங்கள். இப்படி வாழ்த்தி, இரவு ஷிப்ட் மொத்தமும் கீழே கையெழுத்திட்டிருக்கிறோம்.

நாளைக்கும் வந்து அடுத்த பாடத்தைத் தொடங்கலாமா என்று காலையில் கேட்டீர்கள். வேண்டாம். அடுத்த அணிக்குப் பெரியக்கா பாடம் எடுக்கிறார். கிடங்குச் சாவி சோதனையாளரிடம் இருக்க வேண்டும் என்பது விதி. மேனேஜர் அதை அவரிடம் கொடுத்துவிட்டார். மாலையைக் கழற்றாமல் எழுந்திருங்கள். வீட்டம்மா அதற்குள் எழுந்து வெளியே போய் நிற்கிறார். நீங்கள் படி இறங்கியதும் பெரியக்கா கிடங்குக் கதவைச் சாத்தி, பூட்டி, ஒருமுறை இழுத்தும் பார்ப்பார்.