கட்டைவிரலுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

அரங்கத்தின் நடுநாயகமாக அமர்ந்து, நான் என்ன உளறப் போகிறேனோ என்று இப்போதே நெற்றியைத் துடைத்துக்கொள்ளும் தலைவர் அவர்களே! காற்றைக் கானமாக்கக் கற்றுக்கொடுத்த எங்கள் வாத்தியக் குழுவின் மாஸ்டர் அவர்களே! எனக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டு, பெண்ணைவிட அதிகமாக எனக்கு அறிவுரை கொடுக்கும் மாமா அவர்களே! மூன்று பேரை விளித்தேன் என்று எண்ணிவிடாதீர்கள். மூவரும் அவர் ஒருவர்தான். வலது கட்டைவிரலில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வாசிப்பாரே, அவரேதான்!

முன்வரிசையில் வீற்றிருக்கும் முதுபெரும் பெரியோர்களே! குழந்தையை மடியிலும் பொறுமையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் கதவோரம் கால்கடுக்க நிற்கும் நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். நிற்கிறவர்கள்தான் இன்றைக்கு என் பேச்சை நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

"கருவிப் பராமரிப்பைப் பத்தி நாலு வார்த்தை பேசுங்க மாப்ள" என்றார் தலைவர். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். நாள் முழுக்கப் பிள்ளைகள் கத்த, வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவன் நான். இன்றைக்கு விடுவேனா?

எதைப் பற்றிப் பேச? சாக்சபோனின் தங்க நிறத்தைப் பற்றியா? தழைந்து வளைந்து தாமரையாய் விரியும் அதன் வாயைப் பற்றியா? அதையெல்லாம் பேச ஆயிரம் பேர் உண்டு. நான் பேச வந்தது, எவரும் ஏறெடுத்துப் பாராத ஒரு பொருளைப் பற்றி. கருவியின் முதுகுப் பக்கம், கீழ்ப்பாதியில், ஒரு சின்னஞ்சிறு கொக்கி இருக்கும். வலது கையின் கட்டைவிரல் அதற்கடியில் தங்கும். ஒரே ஒரு திருகாணி அதைப் பிடித்திருக்கும். அதைத் தளர்த்தினால் கொக்கி மேலே போகும், கீழே வரும், பக்கவாட்டில் கொஞ்சம் திரும்பும். கட்டைவிரல் தாங்கி என்பது அதன் பெயர்.

"இவ்வளவுதானா?" என்கிறார் மூன்றாம் வரிசை அண்ணன். இவ்வளவேதான் அண்ணா! இவ்வளவே ஆன இந்தக் கொக்கிதான் என் வீட்டு நிம்மதியைக் கொஞ்ச காலம் குழிதோண்டிப் புதைத்தது. சாவகாசமாக உட்காருங்கள், சொல்கிறேன்.

முன்பொரு கச்சேரியில் எங்கள் குழு அண்ணன் ஒருவர், கொக்கியைத் தன் கைக்குத் தோதாக நகர்த்திவிட்டு, திருகாணியை இறுக்க மறந்துவிட்டார். பாட்டு உச்சத்தில் இருக்கும்போது கொக்கி கழன்று கிணுங்கென்று விழுந்தது. கருவி சரிந்தது. சரிந்த கருவி இசைத்தாள் தாங்கியில் இடித்தது, தாங்கி போய் முரசில் விழுந்தது. இதுவும் பாட்டின் ஒரு பகுதி என்று நினைத்து நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள்! யார் யார் தட்டினார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது, சொல்ல மாட்டேன்.

எல்லோரும் சிரித்தோம். மாஸ்டர் சிரிக்கவில்லை. மறுநாளே ஒரு திருப்புளியோடும் ஒரு புட்டி நெயில் பாலிஷோடும் வந்தார். எல்லாச் சாக்சபோன்களின் கொக்கியையும் ஒரே இடத்தில் வைத்தார், இறுக்கினார், ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் ஒரு சொட்டுச் சிவப்பு வைத்தார். "இனிமே எவனாவது இதைத் தொட்டா பூச்சு உடையும். உடைஞ்சா எனக்குத் தெரியும். தெரிஞ்சா..." என்று நிறுத்தினார். மிச்சத்தை அவர் மீசை சொல்லிற்று.

பழி சொல்லவில்லை ஐயா! அன்றிலிருந்து ஒரு கொக்கியும் கழன்றதில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். இங்கே இருக்கிற அத்தனை பேர் காலுக்கும் ஒரே செருப்பு சேருமா? கால் பார்த்துச் செருப்பு வாங்குகிறோம். கை பார்த்துக் கொக்கி வைக்க ஏன் மறந்தோம்?

என் மனைவி டெனர் சாக்சபோன் வாசிக்கிறவள். இதோ, எனக்குப் பின்னால் உட்கார்ந்து, முறைப்பது கண்ணுக்குத் தெரியாமல் முறைத்துக்கொண்டிருக்கிறாள். கருவி பெரியது, அவள் கை சின்னது. மாஸ்டர் வைத்த இடம் அவளுக்கு எட்டாத இடம். எட்டிப் பிடிக்க மணிக்கட்டு வளைந்தது; வளைந்த கையின் பாரமெல்லாம் கட்டைவிரலில் இறங்கியது. முதலில் சிவந்தது. பிறகு அடிமூட்டு வீங்கியது. பிறகு மகள் கவுனுக்குப் பொத்தான் போட முடியவில்லை. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். கடுகு போன்ற திருகாணிகளை நாள் முழுக்கத் திருகுகிறவள். அந்தக் கை நின்றால் அவள் பாட்டு மட்டுமா நிற்கும்? பிழைப்பும் அல்லவா நிற்கும்!

"வாசிக்கிறதை நிறுத்துங்கம்மா" என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்து கருவியைப் பெட்டியில் வைத்துவிட்டு, பெட்டியின் மேலேயே கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். பொறுக்க மாட்டாமல் நான் கேட்டேன்:

"உங்கப்பாகிட்ட சொல்லித் தொலையேன். ஒரு திருகாணி விஷயம்!"

"எப்படிச் சொல்றது? ஊருக்கு ஒரு சட்டம், பொண்ணுக்கு ஒரு சட்டமான்னு நாலு பேரு கேப்பாங்க. அவர் தலை குனியணுமா?"

"அப்ப நான் சொல்றேன்."

"நீங்க வாயைத் திறந்தீங்கன்னா, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

ஏன் சிரிக்கிறீர்கள்? உங்கள் வீட்டில் இந்த வசனம் கேட்டதே இல்லையா? நான் வாயைத் திறக்கவில்லை. இன்று திறக்க அனுமதி வாங்கியிருக்கிறேன்.

"வேலை ஜாஸ்தியாயிடுச்சுப்பா" என்று பொய் சொல்லி, கருவியைத் தகப்பனிடமே திருப்பிக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். முகம் மட்டும் சுண்டிப் போயிற்று. அடுத்தவருக்குக் கொடுக்கும் முன் துடைத்து வைக்கலாம் என்று பெட்டியைத் திறந்தார். பேத்தியைக் கூட்டிப்போக வந்த நான் பக்கத்தில்தான் நின்றேன்.

பெட்டியின் சின்ன அறைக்குள் அவர் கைவிட்டார். ஒரு பஞ்சுத் துண்டு வந்தது. சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு வளையம் வந்தது. துளை போட்ட ஒரு புட்டித் தக்கை வந்தது. கடைசியாக, என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட ஒரு காலுறை வந்தது. நுனியை வெட்டி, ஓரம் தைத்திருந்தது. மாமாவுக்குப் புரியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கொக்கியில் மாட்டிப் பார்த்தார். எல்லாம் பொருந்தின. அப்போது அவள் விரல் வலி புரிந்தது. திருகாணியை உற்றுப் பார்த்தார்.

"மாப்ள, பூச்சு உடையவே இல்லையே."

"இல்ல மாமா."

"நாள் பூரா திருகாணி திருகுறவ. அவளுக்கு இது ஒரு நிமிஷ வேலை."

"ஆமா மாமா."

"அப்புறம் ஏன் இப்படிப் பஞ்சையும் தக்கையையும் வச்சு..."

"தொடாதேன்னு நீங்க சொன்னீங்க மாமா."

தாய்மார்களே, அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சொல்பேச்சுக் கேட்காத பிள்ளைகளால் அழுத தகப்பன்மார்களை நான் பார்த்திருக்கிறேன். சொல்பேச்சைக் கேட்ட ஒரு பிள்ளையால் ஒரு தகப்பன் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு, ஒத்திகைக் கூடம். சபை நிறைந்திருக்கிறது. மாஸ்டர் வந்தார், அதே திருப்புளியோடு. "வரிசையா வாங்க" என்றார். தான் வைத்த சிவப்பைத் தானே சுரண்டினார். ஆள் ஆளாக நிறுத்தி, முதலில் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தார். "பாரம் பட்டைக்கு, விரலுக்கு இல்ல" என்றார். பிறகு, "வலது கையைச் சும்மா தொங்கப் போடு. விறைக்காதே. அப்படியே மணிக்கட்டை மடக்காம தூக்கிக் கருவிக்குக் கொண்டு வா. கட்டைவிரல் எங்கே வந்து விழுதோ, அதான் உன் இடம்" என்றார். விழுந்த இடத்துக்குக் கொக்கியைக் கொண்டுவந்தார். அவனவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! வலியை வெளியில் சொல்லாதவர்கள் எங்களில் எத்தனை பேர் என்று அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது.

கடைசியில், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவள் போல் கதவருகே நின்ற தன் மகளை அழைத்தார். அந்த டெனரை அவள் கழுத்தில் தானே மாட்டினார். அவள் கையைப் பிடித்து, வீங்கிய மூட்டைத் தடவினார்.

"என் விரலைப் பிடிச்சுத்தானே பாப்பா நீ நடை பழகினே. உன் விரலை நான் பாக்கவே இல்லையே."

"விடுங்கப்பா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

பார்த்தோம் ஐயா! நன்றாகவே பார்த்தோம். முரசு அடிக்கிற முரட்டு அண்ணன் மூக்கைச் சிந்தியதையும் பார்த்தோம்.

அதன் பிறகு அவள் கையை ஆறப் போட்டாள். வீக்கம் வடிந்தது. மருத்துவர் தலையசைத்ததும், கொஞ்சம் கொஞ்சமாக ஊதத் தொடங்கினாள். இன்று இரவு முதல் பாட்டின் முதல் வரி அவளுடையது!

ஆகவே இளைஞர்களே, இதோ தலைவர் கேட்ட பராமரிப்பு. வாசித்து முடித்ததும் கொக்கியின் அடியைத் துடையுங்கள். வியர்வை தங்கினால் பச்சை பிடிக்கும். திருகாணியை எப்போதாவது கழற்றி, ஊசிமுனையளவு எண்ணெய் காட்டி, மறுபடி போடுங்கள். இறுக்குங்கள், ஆனால் மாமியார் மேல் உள்ள கோபத்தை அதன்மேல் காட்டாதீர்கள், மரை தேய்ந்துவிடும். விரல் உறுத்துகிறதா? ரப்பர் உறை போடுங்கள், தக்கை ஒட்டுங்கள், பிள்ளையின் காலுறையைக்கூட மாட்டுங்கள், வெட்கமே வேண்டாம். ஆனால் இடத்தைச் சரிசெய்த பிறகு மாட்டுங்கள்! கருவியின் மேற்பாதியில் இடது கட்டைவிரல் உட்கார ஒரு வட்டப் பொத்தான் உண்டு, அதையும் மறக்காதீர்கள். அது வழுக்கினால் மெல்லிய தோல் ஒட்டலாம். நெயில் பாலிஷை நாங்கள் விடவில்லை. அவரவர் இடம், அவரவர் நிறம். என்னுடையது நீலம். முரசு அண்ணன்கூடத் தன் குச்சியில் ஒரு சொட்டு வைத்திருக்கிறார், எதற்கென்று அவருக்கே தெரியாது.

முடிக்கச் சொல்லிச் சீட்டு வரவில்லை, செருமல் வருகிறது. முடிக்கிறேன் மாமா. ஒரே ஒரு கேள்வி. எல்லோர் சிவப்பையும் சுரண்டினீர்களே, உங்கள் கருவியில் மட்டும் அது ஏன் இன்னும் இருக்கிறது? கைராசிக் கைக்குட்டை என்று நாங்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தோமே, அதை அவிழ்த்து அந்த விரலைக் கொஞ்சம் சபைக்குக் காட்டுங்களேன்! வெட்கப்படுகிறார். பாருங்கள், பாருங்கள், என் மனைவி எழுந்துவிட்டாள். கையில் கண்ணாடிக் கடைத் திருப்புளி!

"இப்ப எதுக்கு பாப்பா, கச்சேரி முடியட்டும்" என்கிறார். கேட்கிறதா?

"கையைத் தொங்கப் போடுங்கப்பா. விறைக்காதீங்க" என்கிறாள்.

இனி இங்கே எனக்கு வேலையில்லை. பெரியோர்களே, தாய்மார்களே! இரு கை கூப்பும்போது பத்து விரலில் நம் நெஞ்சைத் தொடுவது கட்டைவிரல்கள்தான். நிற்கிறவர்களுக்கும் உட்கார்ந்தவர்களுக்கும், அந்த இரண்டு விரலும் நெஞ்சில் பட, நன்றி! வணக்கம்!