பதினாறாம் நாள் வரை பழம் காத்திருக்காது

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் எங்கள் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் முத்துலிங்கம் ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் கோயில் பரிபாலன சபைப் பெரியவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மாக்கண்ணு அம்மையாரின் மகள் பிரேமினியே, தோட்டத்துத் தாய்மார்களே, தோழர்களே, பொகவந்தலாவையிலிருந்தும் டிக்கோயாவிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் அன்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் ஜெயமலர். இந்தத் தோட்டப் பாடசாலையில் பத்தொன்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். இப்போது சங்கத்தின் செயலாளர். யாழ்ப்பாணத்துக்காரி. பூசி மெழுகிப் பேச எனக்கு வராது. இன்றைக்கு முயற்சி செய்யவும் மனம் இல்லை.

எனக்கு முன்னால் மூன்று பேர் பேசினீர்கள். அம்மாக்கண்ணு அம்மையாரைத் தொழில் முனைவர் என்றீர்கள். மலையகத்தின் மாணிக்கம் என்றீர்கள். நல்லது. ஆனால் அவர் என்ன தொழில் செய்தார்? அதை ஒருவராவது சொன்னீர்களா? பின்னால் கட்டியிருக்கும் பதாகையைப் பாருங்கள். ‘பழரசப் பிரிவுப் பொறுப்பாளர்’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். அவர் பழரசம் பிழியவில்லை, ஐயா. அவர் வைன் செய்தார். திராட்சை வளர்த்து, பறித்து, நசித்து, நொதிக்க வைத்து, வடித்து, போத்தலில் அடைத்து வைன் செய்தார். அனுமதிப் பத்திரம் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்குகிறது. ஒளித்து மறைத்துச் செய்த வேலை இல்லை அது. உயிரோடு இருந்தபோது அந்தச் சொல்லுக்காக அவரை ஏசினோம். இறந்த பிறகு அந்தச் சொல்லையே அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறோம். இதற்குப் பெயர் மரியாதையா?

எட்டு வருடத்துக்கு முன்னால் என் தகப்பனின் தோட்டத்திலிருந்து திராட்சைத் தண்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி யாழ்ப்பாண பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். தேயிலை கைவிடப்பட்ட சரிவில் நட்டுப் பார்ப்போம் என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். இந்தக் குளிரில், இந்த மழையில் திராட்சையா என்று கேட்டீர்கள். சிரிக்காமல் நின்றவர் இருவர். ஒருவர் முப்பது வருடம் கொழுந்து பறித்த அம்மாக்கண்ணு அக்கா. மற்றவர் அவருடைய கணவர் ஆண்டியப்பன். அவர் பந்தல் போட்டார், மழைக்கு மறைப்பாக மேலே பொலித்தீன் கட்டினார். அக்கா கொடியைக் கவனித்தார். மாசி, பங்குனியில், மழை ஒதுங்கியிருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் பழம் பழுக்கும்படி கொடியைக் கவ்வாத்து வெட்டும் நாளைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

முதல் அறுவடை ஞாபகம் இருக்கிறதா? இங்கே சிரிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளுவது போலப் பழத்தைக் கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் வீசினீர்கள். என்ன வேகம் அது. மேலே நாம் பழம் நசிக்கும் பழைய தேயிலை ஸ்டோருக்கு ஏறி வருவதற்குள் முதுகெல்லாம் சாறு. பழம் கூழாகி, வெயிலில் நின்று, அந்த வருடம் நமக்குக் கிடைத்தது நான்கு பீப்பாய் காடி. அக்காவும் அப்படித்தான் பறித்தார். என்னிடம் வந்து இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார்.

“கை கேக்க மாட்டேங்குது டீச்சர். முப்பது வருசக் கை. பழம்னு சொன்னாலும் கொழுந்துன்னுதான் நெனைக்குது.”

அடுத்த வாரமே ஆளுக்கொரு கத்திரி வாங்கச் சொன்னார். ஒரு கை வெட்டும், ஒரு கை குலையின் அடியில் ஏந்தும். இரண்டாவது கைக்கு அதுதான் வேலை. ஏந்துகிற கை கிள்ளப் போகாது. இருபத்திரண்டு பெண்களின் கையை அப்படித்தான் மாற்றினார். பாடசாலையில் நான் பத்தொன்பது வருடத்தில் மாற்றிய கைகள் அதைவிடக் குறைவு.

இரண்டாவது அறுவடைக்கு வருகிறேன். இதை யாரும் பேசப் போவதில்லை, அதனால் நான் பேசுகிறேன். பழம் பழுத்தது. அக்கா நாள் குறித்தார். நம்முடைய நிர்வாக சபை என்ன செய்தது? அறுவடையை ஆரம்பித்துவைக்க ஒரு பிரமுகரை அழைத்தது. அவருக்கு அந்த வாரம் வசதிப்படவில்லை. காத்திருந்தோம். அடுத்த வாரமும் காத்திருந்தோம். ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் அக்கா காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை சங்க வாசலில் வந்து நின்றார்.

“பழத்துக்கு யாரு வர்றாங்கன்னு தெரியுமாங்க தலைவரே? அதுபாட்டுக்குப் பழுக்குது.”

ஐயா, நீங்கள் அப்போது சொன்ன பதிலை இங்கே சொல்லப் போவதில்லை. ஏழாம் நாள் மழை வந்தது. பழம் வெடித்தது, குளவி மொய்த்தது. ஒன்பதாம் நாள் பிரமுகர் வந்தார். அவர் குலை வெட்டும் படம் இதோ இந்த மண்டபச் சுவரில் இன்னும் மாட்டியிருக்கிறது. அந்தக் குலை ஹட்டன் சந்தையில் வாங்கிக் கொடியில் நூலால் கட்டிய குலை. கட்டியவள் நான். வெட்கத்தோடு சொல்கிறேன்.

மூன்றாவது வருடம். இதைச் சொல்லத்தான் நான் எழுந்தேன். பழம் பழுத்துக்கொண்டிருந்த வாரத்தில் ஆண்டியப்பன் மாரடைப்பில் போனார். இந்தத் தோட்டமே அழுதது. மூன்று நாள் அம்மாக்கண்ணு அக்கா தண்ணீரும் குடிக்கவில்லை. நான்காம் நாள் விடியற்காலை, பனி விலகுமுன்னே, கத்திரியோடு மேல் நிரையில் நின்றார். கூட மகள் பிரேமினி. இன்னும் ஐந்து பேர். அவ்வளவுதான்.

மற்றவர்கள் எங்கே போனோம்? பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அவரைப் பேசினோம். துக்கம் கழியாத பெண் மலை வேலைக்கு இறங்கலாமா என்றோம். காளியாயி அக்கா, நீங்கள் சொன்னது என் காதிலும் விழுந்தது. “புருசன் சாம்பல் இன்னும் ஆறல. இவ குடிகாரனுக்குப் பழம் வெட்டப் போயிட்டா.” உங்களைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. கசிப்புச் சாராயம் குடித்துச் செத்த மகனைத் தோளில் சுமந்த தாய் நீங்கள். உங்களுக்கு அந்தக் கோபம் இருக்க உரிமை உண்டு. எனக்கு என்ன உரிமை இருந்தது? தண்டைக் கொண்டுவந்தவள் நான். அன்றைக்கு நானும் போகவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன்.

ஏழு பேர் வெட்டினார்கள். இரண்டு நாள் வெட்டினார்கள். ஸ்டோரில் கொழுந்து வாட்டும் பழைய மாடியில் நசித்துப் பீப்பாயில் இட்டார்கள். இரவுக் குளிரில் நொதிப்பது நின்றுபோயிற்று. அக்கா என்ன செய்தார் தெரியுமா? மழைக்குப் போர்த்திக்கொண்டு கொழுந்து பறித்த தன் கம்பளியைக் கொண்டுவந்து முதல் பீப்பாய்க்குப் போர்த்தினார். பிறகு ஆண்டியப்பனின் கம்பளி. பிறகு லயத்தில் வீடு வீடாகப் போய்ப் பழைய கம்பளி கேட்டார். தன்னைப் பேசிய வீடுகளிலும் போய்க் கேட்டார். மூன்றாம் நாள் பீப்பாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “பேச ஆரம்பிச்சிருச்சு டீச்சர்” என்றார். அந்த வைனைத்தான் நுவரெலியா ஹோட்டல்காரர்கள் வந்து ருசித்துவிட்டு, எவ்வளவு இருந்தாலும் தாருங்கள் என்றார்கள். அன்று தொடங்கி வருடா வருடம் வாங்குகிறார்கள். தோட்டத்தில் வேலைக்குப் பேர் போடாத நாட்களில் இருபத்திரண்டு குடும்பம் அதில்தான் அடுப்பு மூட்டுகிறது.

இன்னொன்றும் கேளுங்கள். அவர் ஒரு மடக்கும் விழுங்கியதில்லை. வாயில் வைப்பார், உருட்டுவார், வாளியில் துப்புவார், எந்தப் பீப்பாய் முந்துகிறது, எது பிந்துகிறது என்று சொல்வார். இந்தத் தோட்டத்து எல்லைக்குள் ஒரு போத்தல் திறக்கக் கூடாது என்று போத்தல் அறைச் சாவியை இடுப்பிலேயே வைத்திருந்தார். ஏன் இத்தனை கண்டிப்பு என்று ஒருமுறை கேட்டேன். “காளியாயி வீட்டு வழியாத்தான் நான் தெனமும் போறேன் டீச்சர்” என்றார்.

கடைசி மூன்று வாரமாக அவருக்கு நெஞ்சில் வலி இருந்திருக்கிறது. வாயு என்று இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிரை நிரையாக நடந்திருக்கிறார். பழத்தை ஒருநாள் காக்க வைக்காத மனுஷி தன் நெஞ்சை மூன்று வாரம் காக்க வைத்தார். போன வியாழக்கிழமை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் போய்விட்டார். இதில் எனக்கு அவர் மேலேயும் கோபம்தான். ஏன் மறைக்க வேண்டும்? எங்களிடம் சொல்லியிருந்தால் நாங்கள் தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டோமா? இதை அவர் முகத்துக்கு நேரே கேட்க எனக்கு வழியில்லை, அதனால் உங்களிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

இப்போது நிலைமை என்ன? இன்று ஆறாம் நாள். நேற்று மாலை நான் மலைக்கு ஏறிப் பார்த்தேன். இனிப்பு அளக்கும் கருவியில் துளி விட்டுப் பார்த்தேன். பழம் தயார். அவர் குறித்து வைத்த நாள் நேற்றே கடந்துவிட்டது. போன வாரக் காற்றில் பொலித்தீன் பாதி கிழிந்து கிடக்கிறது. நான்கு நாளாக மத்தியானம் தாண்டினால் லிந்துலைப் பக்கத்தில் கருக்கட்டுகிறது. கீழ் நிரையில் பழம் வெடிக்கத் தொடங்கிவிட்டது. நம் சங்கக் கதவில் என்ன மாட்டினோம்? ‘அன்னாரின் மறைவையொட்டிப் பதினாறாம் நாள் வரை எந்த வேலையும் நடைபெறாது.’ கீழே நிர்வாக சபையின் கையெழுத்து. அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. அன்றைக்கு அழுதுகொண்டிருந்தேன், நீட்டினார்கள், போட்டேன்.

அன்று ஒரு பிரமுகருக்காகக் காத்திருந்து அவருடைய பழத்தை அழித்தோம். இன்று அவருக்காகவே காத்திருந்து அவருடைய பழத்தை அழிக்கப் போகிறோம். யாருக்கு மரியாதை இது? கணவன் போன நான்காம் நாள் கத்திரியோடு நின்ற பெண்ணுக்கு, ஆறாம் நாள் நாம் நாற்காலியில் உட்கார்ந்து மரியாதை செய்கிறோமா?

கோயில் பெரியவர்களே, தீட்டு உண்டு, முறை உண்டு. நான் மறுக்கவில்லை. பிரேமினியிடம் நேற்று இரவே கேட்டுவிட்டேன். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “அம்மாவுக்குக் கருமாதி நான் முறையாச் செய்வேன் டீச்சர். பழம் அழுகிப்போச்சுன்னா நான் அவங்க படத்துக்கு முன்னாடி எப்படி நிப்பேன்?” மகளுக்கே இல்லாத தடை நமக்கு எங்கிருந்து வந்தது?

தலைவர் ஐயா, நேரமாகிவிட்டது என்று நீங்கள் துண்டுக் கடதாசி நீட்டுகிறீர்கள். பார்த்தேன். இந்த இடத்தில் வழக்கப்படி ஒரு உறுதிமொழி எடுக்க வேண்டும், அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று. நான் எடுக்கப் போவதில்லை. எட்டு வருடத்தில் இந்த மண்டபத்தில் எத்தனை உறுதிமொழி எடுத்தோம் என்று சுவருக்குத்தான் தெரியும். நான் இன்று பெரட்டு எடுக்கிறேன். இந்தத் தோட்டத்தில் பெரட்டுக்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேர் கூப்பிட்டால் மலை வேலைக்கு இறங்க வேண்டும். இப்போது மணி பத்தரை. மழைக்கு இன்னும் மூன்று மணி நேரமாவது இருக்கிறது. கதவிலிருந்த அறிவித்தலை வரும்போதே கிழித்துவிட்டேன். என் கையெழுத்தும் அதில் இருந்ததால் எனக்கு அந்த உரிமை உண்டு என்று நினைக்கிறேன். பழக்கூடைகள் வாசலில் அடுக்கியிருக்கின்றன.

கத்திரிகள் இந்தப் பையில் இருக்கின்றன. இருபத்து மூன்று. வெட்டுகிறவர்கள் இருபத்திரண்டு பேர்தானே, இன்னொன்று ஏன் என்று கேட்பீர்கள். ஆண்டியப்பன் இறந்த அந்த வருடம், பீலியில் பேசிய பேச்சு அக்காவின் காதுக்கும் போயிற்று. என்னிடம் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இதுதான். “அவ பேசட்டும் டீச்சர், மகனைக் கொடுத்தவ. அடுத்த வருசம் கத்திரி வாங்கும்போது அவளுக்கும் சேத்து ஒண்ணு வாங்குங்க. என்னைக்காவது வருவா.” வாங்கினேன். பீப்பாய் மாடியில் தனி ஆணியில் மாட்டி வைத்திருந்தார். வருடா வருடம் எண்ணெய் போட்டுத் துடைப்பார். போன மாதமும் துடைத்தார். யாரும் அதைத் தொட்டதில்லை.

காளியாயி அக்கா, இதோ, அது இந்தக் கத்திரிதான். கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருக்கிறது. வராவிட்டால் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். மறுபடி ஆணியில் மாட்டிவிடுவேன்.

கொஞ்சம் பொறுங்கள். கடைசி வரிசையில் காளியாயி அக்கா எழுந்து நின்று ஏதோ கேட்கிறார். சத்தமாகச் சொல்லுங்கள் அக்கா. சரி, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். எந்த நிரையில் தொடங்குவது என்று கேட்கிறார்.

மேல் நிரையில் தொடங்குங்கள், அக்கா. வெயில் அங்கேதான் முதலில் படும். அம்மாக்கண்ணு அக்காவும் அங்கேதான் தொடங்குவார்.