கலயத்தின் அடியில் தங்கியது

விடியற்காலை மூன்று மணி. சேவூர் ரோட்டில் ஈ காக்கை இல்லை. ஐப்பசி மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது... நம்ம பச்சையப்பனின் சித்தப்பா குமரேசன் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கன்னியாகுமரிக்குக் கிளம்பினார். நாம் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அந்த விளக்கு அப்படியே மங்கலாக இருக்கட்டும். சொல்கிறேன்.

தனியாக என்றா சொன்னேன்? பக்கத்துச் சீட்டில் ஒரு மண் கலயம். வாயில் மஞ்சள் துணி. உள்ளே அவர் மனைவி கமலம். காலில் தொடங்கித் தலைவரை, முறைப்படி எலும்பு பொறுக்கி அவரே நிரப்பியது.

இருவரும் பட்டுத்தறிக்காரர்கள். கடலைப் பார்க்க வேண்டும், அதுவும் கன்னியாகுமரியில். அவளுக்கு அந்த ஒரே ஆசைதான். "இந்தப் பாவு முடியட்டும்" என்பார் இவர். தறியில் நீளவாக்கில் ஏற்றிய அந்த நூல் முடிந்தால் அடுத்த பாவு ஏறிவிடும். இருபத்தாறு வருடம் இப்படியே ஓடியது. புரட்டாசியில் மூன்று நாள் காய்ச்சல்... போய்விட்டாள். மனுஷன் நொறுங்கிப் போனார். துணைக்கு வருகிறேன் என்ற மகள் பானுப்ரியாவைக்கூட ஏற்றவில்லை.

"நானும் அவளும் போறோம்னு சொல்லிகினே இருந்தேம்மா. நாங்களே போய்க்கிறோம்."

திருவண்ணாமலை தாண்டியதும் சத்தம் கேட்டது. டிங்... டிங்... டிங். ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்குமே, அந்த மணி. கலயத்தின் கனம்தான் என்று நினைத்து, அதைப் பின்சீட்டில் வைத்தார். மணி நிற்கவில்லை. காலிச் சீட்டுக்கு பெல்ட்டை மாட்டினார்.

நின்றது.

கூடவே ஒரு வாசனை. பாவுக்குப் போடுகிற கஞ்சி வாசனை. கமலத்தின் புடவையில் எப்போதும் இருப்பது.

உளுந்தூர்ப்பேட்டையில் மழை தூறலானது. திருச்சியில் காவிரி மேல் வெள்ளையாகப் பனி. மதுரையில் சுள்ளென்று வெயில். ஒவ்வொரு டோல்கேட்டிலும் வண்டி நிற்கும்போது, காதோரம் மெதுவாக...

"வந்துட்சாங்க?"

ஊர் வந்துவிட்டதா என்று, பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவள் கேட்பதுதான். குமரேசனுக்குப் பயம் வரவில்லை, அழுகை வந்தது.

"இரு கமலம். கொஞ்ச தூரம்தான்."

ஆரல்வாய்மொழிக் காற்று காரையே ஆட்டியது. சாயங்காலம் கடலில் இடுப்பளவு இறங்கி, கலயத்தைச் சாய்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தாள். கடைசியில் கை நின்றுவிட்டது.

தறிக்காரன் கை அது. பாவு முடிந்து சேலையை அறுக்கும்போது, பழைய இழையில் கொஞ்சம் தறியிலேயே விட்டுவைப்பார்கள். அதோடு பிணைத்தால்தான் புதுப் பாவு ஏறும். மொத்தமாக அறுத்துப் பழக்கமில்லாத கை... அடியில் ஒரு பிடியை விட்டுவிட்டது. கடலோடு விடவேண்டிய கலயத்தை மூடி, வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டார். செய்யக் கூடாததைச் செய்துவிட்டார் பாவம்.

திரும்பும் வழியெல்லாம் அதே குரல். "வந்துட்சாங்க?" முன்பு ஆசையாகக் கேட்டவள், இப்போது களைத்துப்போய்க் கேட்டாள். "வூடு வந்துட்சு கமலம்" என்று சேவூரில் வண்டியை நிறுத்தினார். மறுபடியும் கேட்டாள். அன்றிலிருந்து தினமும், பூட்டிய காருக்குள்ளிருந்து... டிங்... டிங்... இவர் எழுந்து போய், கழன்று கிடக்கும் பெல்ட்டை மறுபடி மாட்டிவிட்டு வருவார்.

பச்சையப்பன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான்.

"மீதியையும் கரைச்சிடலாம் சித்தப்பா. சித்தி தவிச்சிகினு கீது."

"கரைச்சிட்டா... அப்புறம் என்னாண்ட யார்ரா கேப்பாங்க?"

போன வாரம் பச்சையப்பன் அந்தக் காரைக் கழுவினான். மாதக்கணக்கில் தெருவைத் தாண்டாத வண்டி. கமலத்தின் சீட்டுக்குக் கீழே கால்மிதி முழுக்க மணல். ஈர மணல். தொட்டு நாக்கில் வைத்தான், உப்புக் கரித்தது. அதில் ஒரு பெண்ணின் காலடி. ஒன்றே ஒன்று.

கலயத்தில் முதலில் போட்டது கால் எலும்புதானே... அடியில் தங்கியதும் அதுதான்.

காலடியின் விரல்கள் கதவைப் பார்த்து இருந்தனவாம். கதவின் உள்பக்கம், கைப்பிடியைச் சுற்றி, நகக் கீறல்கள்.