அறைக்கு ஒரு ஓட்டு

பட்டாசு ஆலையில் மேலாளராக இருந்தபோது, தொழிலாளர் கமிட்டித் தேர்தலில் மாரியம்மாளை நான் மோசடியாகத் தோற்கடித்தேன். அதிக ஓட்டு வாங்கியவள் அவள்தான். ஆனால் அவை ஆள் அதிகமுள்ள சில வேலை அறைகளில் குவிந்திருந்தன. அதனால் எண்ணும் நேரத்தில், அறையில் முந்தியவருக்கு அறைக்கு ஒரு ஓட்டு என்று விதியை மாற்றி, முதலாளிக்கு வேண்டியவரை ஜெயிக்க வைத்தேன்.

ஓய்வுபெற்ற சில மாதங்களில், இரண்டாயிரமாவது ஆண்டுக் கடைசியில், ஏழாயிரம்பண்ணையிலிருந்து சாத்தூருக்குப் பேருந்தில் போனேன். பின்னால் எங்கள் ஆலைப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். என்னை அவர்கள் கவனிக்கவில்லை.

“யக்கா, அமெரிக்காவுல கூடுதலா ஓட்டு வாங்குனவரு தோத்துட்டாராம்.”

“போடி, அதெப்படி?”

“மொத்தமா எண்ண மாட்டாகளாம். மாநிலம் மாநிலமா எண்ணுவாகளாம்.”

“அடியாத்தி! நம்ம பழைய மேனேசரு அங்கனயும் போயிட்டாரா?”

இருவரும் சிரித்தார்கள்.

“ஐரோப்பாவுல பல நாட்டுல வாங்குன ஓட்டுக்குத் தக்கன சீட்டாம்க்கா.”

“அங்கனன்னா மாரி கமிட்டிக்குப் போயிருப்பா. ரூமுக்கு ரெண்டாவது வாசல் கேக்கணும்னுதான நின்னா. இப்பத் தீப்பிடிச்சா எந்தப் பக்கம் ஓட?”

 மாரியம்மாள் எதற்காக நின்றாள் என்று அன்று நான் கேட்கவே இல்லை.

மறுநாள் முதலாளியிடம் போய் என் மோசடியைச் சொன்னேன். அறைகளுக்கு இரண்டாவது வாசல் வைக்கும்படி கெஞ்சினேன்.

அவர் எனக்கு டீ வரவழைத்தார்.

“கமிட்டி கேக்கலையே அண்ணாச்சி. அது நீங்க எண்ணி எடுத்த கமிட்டிதான?” என்றார்.