பன்னிரண்டு குரல்களுக்கு இடம்

எங்கள் ஊரில் காலை எட்டு மணி ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உடம்பு சரியில்லாமல் போய்விடும். சுகாதார நிலையத்தின் தொலைபேசி அப்போதுதான் திறக்கும். ஹெல்சிங்கியில் எப்படியோ தெரியாது. எங்கள் பக்கம் மருத்துவரைப் பார்க்கப் பனியில் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். அதனால் எல்லோரும் முதலில் நர்ஸிடம் பேசிப் பார்ப்பார்கள்.

அந்த நிலையத்தின் கணினி இணைப்புகளைப் பத்தொன்பது வருடம் கவனித்தவன் நான். பழைய தொலைபேசிக் கம்பிகளைப் பிடுங்கிவிட்டு அழைப்புகளை இணையத்துக்கு மாற்றியதும் குரல்கள் உடைய ஆரம்பித்தன. எக்ஸ்ரே படங்களும் அதே இணைப்பில்தான் போயின. ஒரு படம் கிளம்பினால் நாலு பேருடைய பேச்சு நொறுங்கும். படம் அரை நிமிடம் தாமதமானால் யாருக்கும் தெரியாது. குரல் அரை நொடி தாமதமானால் இரண்டு பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே ரவுட்டரில் குரலுக்கென்று தனிப்பாதை ஒதுக்கினேன். மற்றதெல்லாம் ஒதுங்கி நின்று வழிவிட்டது. இதுவரை நான் செய்தது பாடப்புத்தகத்தில் இருப்பதுதான்.

ஆனால் அந்தப் பாதையில் பன்னிரண்டு அழைப்புகளுக்குத்தான் இடம் இருந்தது. பதின்மூன்றாவது உள்ளே வந்தால் அது மட்டும் கெடாது, பதின்மூன்றும் கெடும். பெரிய இணைப்பு வேண்டுமென்று மேலாளர் ரெய்யோவிடம் மூன்று முறை எழுதிக் கேட்டேன். "இருக்கறத வெச்சு ஓட்டுப்பா, பனி உருகட்டும், பாக்கலாம்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் களைத்துப்போனவர்தான்.

நர்ஸ் ஐலா தினமும் என் அறை வாசலில் வந்து நிற்பார். வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி கேட்கிறது என்பார். சண்டை போட மாட்டார், சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அழைப்புக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். பாதி நேரத்தை முப்பத்தோரு எண்கள் தின்றுகொண்டிருந்தன. மார்த்தி கெம்பைனன் என்று ஒருவர். வாரத்தில் ஐந்து நாளும் எட்டு மணிக்கே அழைப்பார். நெஞ்சு அடைப்பதில் ஆரம்பித்து, ஏரியில் பனி எவ்வளவு கெட்டி என்பதில் முடிப்பார். ஒரு திங்கட்கிழமை அவர் எண்ணை மட்டும் தனிப்பாதையிலிருந்து எடுத்து, எக்ஸ்ரே படங்களோடு கீழ்வரிசையில் போட்டேன். குரல் துண்டு துண்டாக வந்தது. இரண்டு நிமிடத்தில் அவரே வைத்துவிட்டார். மற்றவர்கள் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது. வெள்ளிக்கிழமைக்குள் முப்பத்தோரு எண்களும் கீழே போயின. யாருடைய அழைப்பையும் நான் துண்டிக்கவில்லை. அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் ஐலா வீட்டில் சுட்ட இலவங்கப்பட்டை ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார்.

பிப்ரவரியில் லெம்பி தோர்வினென் அழைத்தார். எழுபத்தெட்டு வயது, தனியாக இருந்தவர், நான் கீழே போட்ட பட்டியலில் ஒன்பதாவது. "கைய... தூக்க..." என்று கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் "வாய்..." என்று மட்டும். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா, காதுல விழல" என்று ஐலா ஆறு முறை கேட்டார். தொடர்பு அறுந்தது. ஐலா திரும்ப அழைத்தார், யாரும் எடுக்கவில்லை. அடிக்கடி அழைப்பவர்தானே, நாளைக்கும் அழைப்பார் என்று விட்டுவிட்டார். மூன்றாம் நாள் கடிதம் போட வந்த தபால்காரர்தான் அவர் இறந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறார். பக்கவாதமாம்.

ஐலா அன்று வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"உண்மையச் சொல்லு இல்மாரி. லைன் கெட்டிருந்துச்சா, இல்ல எனக்குத்தான் கேக்கலையா?"

அன்றைய அறிக்கையைத் திரையில் காட்டினேன். எல்லா அழைப்புகளுக்கும் சேர்த்துக் குரல் தரம் சராசரியாக ஐந்துக்கு நாலே கால். "லைன் நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். ஒலிப்பதிவைப் போடச் சொன்னார். அழிந்துவிட்டது என்றேன். அழியவில்லை, அதைத்தான் நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள்.

அவர் ஒவுலு நகரத்துக்குப் போய்க் காதைச் சோதித்துக்கொண்டார். ஒரு குறையும் இல்லை என்றார்களாம். அவர் நம்பவில்லை. ஏப்ரலில் வேலையை விட்டார். வழியனுப்பும் விருந்தில் கேக்கை நான்தான் வெட்டிக் கொடுத்தேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் வலது காதை என் பக்கம் திருப்பினார். நான் அவருக்காகக் கொஞ்சம் சத்தமாகவே பேசினேன்.

லெம்பிக்குப் பிறகும் ஏன் பட்டியலை எடுக்கவில்லை என்று கேட்டீர்கள். எடுத்திருந்தால் குரல்கள் மறுபடி உடைந்திருக்கும், ஐலாவுக்குப் பதில் வந்த பெண் வாசலில் வந்து நின்றிருப்பாள். எனக்கு அலுத்துவிட்டது. அடிக்கடி அழைப்பவர்களுக்குத்தான் உடம்பு அதிகம் கெட்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. முதல் திங்கட்கிழமையே தெரியும். மார்த்தி மே மாதம் இறந்துபோனார். கோடையில் இன்னும் இரண்டு பேர். நான்கு பேரும் கடைசியாகச் சொன்னதை யாரும் கேட்கவிடாமல் செய்தவன் நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

ஒரு வேண்டுகோள் மட்டும். பட்டியல் இன்னும் ரவுட்டரில்தான் இருக்கிறது. எடுப்பதாக இருந்தால் தொலைபேசி மூடிய பிறகு எடுக்கச் சொல்லுங்கள். வேலை நேரத்தில் எடுத்தால் எல்லோருக்கும் குரல் உடையும். அதனால் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் அப்புறம் யார் பொறுப்பு?